இறுதி வருகை என்பது யாது?

வகுப்பறையில் மாணவன் வந்திருப்பதை ஆசிரியர் கண்ணால் கண்டு பதிவேட்டிற் குறிக்கின்றார். கணினிவழிக் கற்றலில், மாணவன் இறுதியாக வந்த நேரத்தை மென்பொருளே குறித்து வைக்கின்றது. அக்குறிப்பு எவ்வாறு உண்டாகின்றது, எதனை உணர்த்தும், எதனை உணர்த்தாது என்பவற்றை ஆசிரியர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ஜோகூர் மாநிலத்து ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இணையவழிக் கல்விக்குப் பயன்படுத்திவரும் மூடில் என்னும் மென்பொருளைச் சான்றாகக் கொள்வோம். ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய இதன் முதற்பதிப்பு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இம்மென்பொருள் ஒவ்வொருவர் பெயரிலும் நடப்பு நுழைவு, முந்தைய நுழைவு, இறுதிச் செயல் ஆகிய நேரங்களைத் தனித்தனியே பேணுகின்றது. திங்களன்று வந்த மாணவன் வியாழனன்று மீண்டும் நுழைகின்றான் எனக் கொள்க. வியாழன் நேரம் நடப்பு நுழைவாகும். திங்கள் நேரம் முந்தைய நுழைவு என்னும் இடத்திற்கு நகரும். இரண்டிற்கும் ஒரே இடம் இருந்திருப்பின், அவன் நுழைந்த கணமே திங்கள் நேரம் அழிந்துவிடும். அவன் வாராத நாள்களிற் சேர்ந்த புதிய பாடங்கள் எவை எனக் கணிக்க இயலாது.

இறுதிச் செயல் என்பது மாணவன் ஒரு பக்கத்தைத் திறக்குந்தோறும் புதுப்பிக்கப்படுவது. பல்லாயிரவர் பயிலுமிடத்தில் ஒவ்வொரு முறையும் எழுதுவது கணினிக்குச் சுமை. ஆதலின், ஒருமுறை எழுதியபின் 60 விநாடிக்குள் அந்நேரத்தை மாற்றி எழுதுவதில்லை. மூடிலின் நிரல் யாவர்க்கும் திறந்தது. வேண்டுவோர் இவ்விடைவெளியைத் திருத்தலாம். இடைவெளி நீண்டால் சுமை குறையும். நுட்பமும் உடன் குறையும்.

நேரத்தை மென்பொருள் மணியாக எழுதாது, 1970 சனவரி 1ஆம் நாள் கிரீனிச் நள்ளிரவு முதற் கழிந்த விநாடிகளாக எழுதுகின்றது. இதன் பயனை நம் நாட்டு நிகழ்ச்சியொன்றே விளக்கும். 1981 திசம்பர் 31 இரவு 11.30க்கு மேற்கு மலேசியக் கடிகாரங்கள் அரைமணி முன்தள்ளப்பட்டு, 1982 பிறந்தது. அன்றிரவு 11.25க்கு ஒருவர் வந்து 12.05க்குச் சென்றிருப்பின், கடிகாரம் 40 நிமிடம் என்னும். உண்மையிற் கழிந்தது 10 நிமிடமே. விநாடிக் கணக்கு இப்பிழைக்கு இடந்தராது.

எனினும், எத்துணைத் துல்லியமான எண்ணும் கற்றலை அளப்பதன்று. பக்கத்தைத் திறந்துவைத்து உறங்கியவனுக்கும் நேரம் பதிவாகும். பாடத்தைக் கைப்பேசியில் இறக்கிவைத்து, இணைப்பில்லாவிடத்தில் இரவெல்லாம் படித்தவனுக்கோ அப்படிப்பு வருகையாகத் தெரியாது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, தந்தை வேலை முடிந்து வந்த பின்னரே கைப்பேசியைத் தொடவியன்ற பிள்ளைகள் பலர். அத்தகைய பிள்ளையின் நுழைவு நேரத்தை மட்டும் நோக்குவோர் அவனைச் சோம்பேறி என முடிவு கட்டிவிடக்கூடும்.

ஆதலின், ‘ஐந்து நாளாக வரவில்லை’ எனத் திரை காட்டுமாயின், ஆசிரியர் அதனைத் தீர்ப்பாகக் கொள்ளாது, பெற்றோரை அழைத்துக் காரணம் வினவுதற்குரிய அறிகுறியாகக் கொள்வதே முறை.