வெண்டைக்காய் ஏன் கொழகொழன்னு ஆகுது? குஜராத் முதல் கேரளா வரை சமையலறைகள் கண்டுபிடித்த வழிகள்

பெங்களூரு, புனே, குருகிராம் என்று வேலைக்குப் போய், முதல்முறையாகத் தனியாகச் சமைக்கத் தொடங்கும் பலருக்கும் வெண்டைக்காயோடு ஒரு மனக்கசப்பு இருக்கும். அம்மா செய்தால் உதிரி உதிரியாக வரும் அதே பொரியல், நாம் செய்தால் நூல் நூலாக இழுக்கும். அடுத்த வாரம் ஆப்பில் காய்கறி ஆர்டர் போடும்போது விரல் தானாகவே உருளைக்கிழங்குப் பக்கம் போய்விடும்.

கைப்பக்குவம், அனுபவம் என்றெல்லாம் பெரிதாக நினைக்க வேண்டாம். விஷயம் தண்ணீரில்தான் இருக்கிறது.

வெண்டைக்காய்க்குள் இருக்கும் பசை, பாலிசாக்கரைடு எனப்படும் நீளமான சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. பெரும்பகுதி நீரில் கரையும் நார்ச்சத்து. காய் முழுசாக இருக்கும்வரை அது உள்ளேயே அடங்கிக் கிடக்கும். நறுக்கியதும் வெளியே வரும். அதில் ஈரம் பட்டால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உப்பி, நமக்குத் தெரிந்த அந்தக் கொழகொழப்பாக மாறும்.

இந்தப் பசைக்கு சமையலறைக்கு வெளியிலும் வேலை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் வெல்லம் காய்ச்சும் இடங்களில், வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி ஊறவைத்த நீரைக் கொதிக்கும் கரும்புச் சாற்றில் ஊற்றுவார்கள். சாற்றில் இருக்கும் அழுக்கை அது பிடித்துக்கொண்டு நுரையோடு மேலே வரும். அதை அப்படியே வழித்து எடுத்துவிடலாம். நமக்குத் தலைவலியாக இருப்பது, அங்கே வடிகட்டி!

நாம் எங்கே தப்பு செய்கிறோம்?

நான்கு இடத்தில். நறுக்கிய பிறகு கழுவுவது முதல் தப்பு. காயை முழுசாகக் கழுவி, துணியால் நன்றாகத் துடைத்து, கத்தியும் பலகையும் ஈரமில்லாமல் இருக்கும்போதுதான் நறுக்க வேண்டும். இரண்டாவது, உப்பை ஆரம்பத்திலேயே போடுவது. உப்பு காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடும். மூன்றாவது, சீக்கிரம் வேகட்டும் என்று மூடி போடுவது. ஆவி திரும்பவும் கடாய்க்குள்ளேயே விழும். நான்காவதை யாரும் சொல்வதில்லை: சின்னக் கடாயில் அரை கிலோவைக் குவிப்பது. அப்படிச் செய்தால் காய் வதங்காது, அவியும்.

இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே ஒரு அகலமான கடாயும் இருந்தால் போதும். கால் கிலோ காய்க்கு இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய். மிதமான சூடு, மூடி வேண்டாம். முதல் சில நிமிடங்கள் நூல் விடத்தான் செய்யும், பயந்துபோய் தண்ணீர் தெளித்துவிடாதீர்கள். அவ்வப்போது மெதுவாகப் புரட்டினால் போதும், கிண்டிக்கொண்டே இருந்தால் காய் உடைந்து பசை கூடும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஓரங்கள் லேசாகச் சிவந்து, நூல் காணாமல் போகும். அப்போது உப்பு.

இந்த வதக்கலைக் கற்றுக்கொண்டால் பாதி இந்தியாவின் வெண்டைக்காய்ச் சமையல் உங்கள் கையில்.

புளிப்பு எனும் குறுக்குவழி

பசையை அடக்க இன்னொரு வழி புளிப்பு. அமிலம் சேர்ந்தால் அதன் பிசுபிசுப்பு குறைகிறது. எந்த மாநிலத்துக்குப் போனாலும் வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு புளிப்பு நிற்பதைப் பார்க்கலாம். நம் வீட்டில் புளிக்குழம்பும் மோர்க்குழம்பும். ஆந்திராவில் 'பெண்டகாய புலுசு'. மகாராஷ்டிராவின் கொங்கண் பக்கம் கோக்கம். வட இந்திய 'பிண்டி மசாலா'வில் ஆம்சூர், அதாவது மாங்காய்ப் பொடி. ஹைதராபாத் சாலனில் வேர்க்கடலை, எள், தேங்காய் அரைத்த விழுதோடு புளி.

குழம்பு வைக்கும்போது காயைப் பச்சையாகப் புளித்தண்ணீரில் போடாமல், முதலில் எண்ணெயில் வதக்கிவிட்டுச் சேர்த்தால் வித்தியாசம் தெரியும். அவசரத்தில் பலரும் தாண்டிப்போகும் படி இதுதான்.

கேரளாவின் ஓணம் சத்யாவில் வரும் வெண்டைக்காய் கிச்சடி இரண்டு உத்திகளையும் சேர்த்துக்கொள்கிறது. (நம் ரவை கிச்சடியோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.) மெல்லிய வட்டங்களாக நறுக்கி மொறுமொறுவென்று பொரித்த காயை, தேங்காய், பச்சை மிளகாய், கடுகு அரைத்துக் கலந்த தயிரில் பரிமாறும் நேரத்தில் சேர்க்கிறார்கள். முன்னாடியே போட்டால் ஊறிப்போகும். வார நாளில் ஒரே ஒரு புது ரெசிபிதான் முயற்சி செய்வேன் என்றால், என் ஓட்டு இதற்குத்தான்.

குஜராத்திலும் ராஜஸ்தானிலும் கடலை மாவு இந்த வேலையைச் செய்கிறது. நீளநீளமாக வெட்டிய காயில் கடலை மாவு, மிளகாய்த்தூள் தூவிப் பொரித்தால் 'குர்குரி பிண்டி'. காயின் ஈரத்தை மாவு உறிஞ்சிக்கொள்ளும். கடலை மாவு, தனியா-சீரகப் பொடி, கொஞ்சம் வெல்லம் கலந்து காய்க்குள் அடைத்து வதக்குவது குஜராத்தி வழி. சுவை அருமை, ஆனால் ஒவ்வொரு காயாகக் கீறி அடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை.

வங்காளிகள் பலர் கொழகொழப்போடு சண்டை போடுவதே இல்லை. காயை அவித்து, உப்பும் கடுகு எண்ணெயும் விட்டுச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். கசகசா விழுதோடும் செய்கிறார்கள். பழகாத நாக்குக்கு முதல் வாய் கொஞ்சம் கஷ்டம்தான்.

வெண்டைக்காய் தண்ணீர் குடிக்கலாமா?

"வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு நல்லா வரும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, பாதிப்பும் கிடையாது. இரவில் காயை வெட்டி ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று சுற்றும் வாட்ஸ்அப் தகவல் அப்படியல்ல.

எலிகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வெண்டைக்காயின் நீரில் கரையும் பகுதி குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைக் குறைத்தது. இந்தப் பாதி மட்டும்தான் ஃபார்வர்டு ஆகிறது. அதே ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் பலர் எடுக்கும் மெட்ஃபார்மின் மருந்து உறிஞ்சப்படுவதையும் அது தடுத்தது. மனிதர்களிடம் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால், ஊரில் அப்பாவோ அம்மாவோ காலையில் மாத்திரையோடு இந்தத் தண்ணீரையும் குடிக்கிறார்கள் என்றால், இன்றைக்கே போன் போட்டு, டாக்டரிடம் கேட்கும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீரை நம்பி மாத்திரையை விடுவது அதைவிட ஆபத்து.

சாப்பாட்டில் வழக்கமான அளவு வெண்டைக்காய் சேர்த்துக்கொள்வதைப் பற்றி இங்கே பேசவில்லை. 100 கிராம் பச்சை வெண்டைக்காயில் சுமார் 33 கலோரி, 3 கிராம் நார்ச்சத்து. நல்ல காய்தான். எண்ணெயில் முழுக்காட்டிப் பொரித்தால் கலோரிக் கணக்கு மாறும்.

வாங்கும்போது

விரல் நீளத்துக்கு மேல் போகாத, வளைத்தால் நுனி பட்டென்று உடையும் காயாக எடுங்கள். நுனியை உடைத்தால் கடைக்காரர் முறைப்பார், அது எல்லா ஊரிலும் உண்டு. ஃபிரிட்ஜின் அதிகக் குளிரில் காயில் கறுப்புப் புள்ளி விழும். கழுவாமல், ஈரமில்லாமல், காகிதத்திலோ துணிப்பையிலோ சுற்றி வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். ஆப்பில் வாங்குபவர்கள் நுனியை உடைத்துப் பார்க்க முடியாது. வந்ததில் முற்றல் இருந்தால் எவ்வளவு வதக்கினாலும் நார் நாராகத்தான் இருக்கும். போட்டோ எடுத்து ரீஃபண்ட் கேளுங்கள்.