நின்று பார்க்க ஒரு கரை

பாதைகளுக்கு மறதி உண்டு. இன்று உல்லாசமாக நடப்பவர்களின் காலடி, நேற்றுப் பிழைப்புக்காக நடந்தவர்களின் காலடியை மூடிவிடுகிறது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரமாக 630 மைல் நீளமான நடைபாதை ஒன்று இருக்கிறது. அதன் எழிலைக் காணப் பல நாட்டு மக்கள் வந்து குவிகிறார்கள். ஆனால் அதன் பெரும்பகுதியை முதலில் மிதித்துப் பதப்படுத்தியவர்கள், கள்ளக் கடத்தலைத் தடுப்பதற்காக இரவும் பகலும் ரோந்து நடந்த கரைக்காவலர்கள். அவர்கள் கண்ணுக்குக் கடல் அழகாகத் தோன்றியிருக்குமா?

நம் நாட்டிலும் அத்தகைய கரையொன்று உண்டு. அது மன்னார்த் தீவின் வடகரை. அதில் தலைமன்னார்த் துறையிலிருந்து பேசாலை வரையிலான பகுதி. மலைநாட்டில், வலப்பனையில் பிறந்து வளர்ந்த எனக்கு, அக்கரையை ஒரு பகல் முழுவதும் நடந்தே கடந்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாளைய ஆவல். ஓர் ஆடி மாதத்தில் அது நிறைவேறிற்று.

பொழுது புலரும் வேளையில் துறையை அடைந்தேன். 1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது, இரு நாடுகளையும் இணைக்கும் வாசலாக இத்துறை விளங்கியது. இன்று பழைய இறங்குமேடை உப்புக்காற்றில் இற்றுச் சிதைந்து கிடக்கிறது. அருகே வெளிச்சவீடு மட்டும் தனியே நிற்கிறது. மேற்கே இராமர் அணையின் மணல்திட்டுக்கள் தொடங்குகின்றன. அவற்றுக்கு அப்பால் 18 மைல் தொலைவில் தனுஷ்கோடி.

சிறிது தூரம் தார்வீதியில் நடந்து, பின்னர் கரைக்கு இறங்கினேன். சோளகக் காற்றுக் காலத்தில் தென்கரை கொந்தளிக்கும். வடகரையோ குளம்போல் அடங்கிக் கிடக்கும். அன்றும் அப்படித்தான் இருந்தது. அலை என்று சொல்லத்தக்க அலை இல்லை. நீர் மெல்ல வந்து மணலை நனைத்துத் திரும்பியது. ஒரு பக்கம் பச்சையும் நீலமுமாகப் பாக்குநீரிணை. மறுபக்கம் கண்ணெட்டும் வரை பனங்கூடல். பழம் விழும் பருவமாதலால், காற்றில் கடற்பாசியின் வாடையோடு பனம்பழத்தின் மணமும் கலந்திருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையொன்று பார்வையை மறிக்கும் ஊரிலே வாழ்ந்தவனுக்கு, இந்தத் தட்டையான பரப்பு முதலில் ஒருவித அச்சத்தையே தந்தது. அரைமணி நேரத்தில் அச்சம் நீங்கி, மனம் விரிந்தது. விரும்பிய இடத்தில் நின்றேன். நிழல் கண்ட இடத்தில் அமர்ந்தேன். போத்தலில் இருந்த நீரைப் பருகினேன்.

அப்போதுதான் அவர்களை நினைத்தேன்.

1820களில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்களைத் திறந்தார்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, சேலம் ஆகிய இடங்களிலிருந்து வறுமை துரத்த, கங்காணி அழைக்க, மக்கள் புறப்பட்டார்கள். பாய்மரத் தோணிகள் அவர்களை இக்கரையில் இறக்கிவிட்டன. பின்னர் மன்னார், மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் நடை. காடு, நீரற்ற வெளி, வாந்திபேதி, அம்மை என்று எத்தனையோ இடையூறுகள். நடக்க முடியாதவர்கள் வழியோரத்திலேயே கைவிடப்பட்டார்கள். இவ்வழியில் மாண்டவர்கள் பல்லாயிரவர். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. எஞ்சியவர்கள் மலையேறிக் கோப்பியை வளர்த்தார்கள். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின், தேயிலையை வளர்த்தார்கள். வலப்பனையின் மேட்டுத் தோட்டங்களில் பெரட்டுக் களத்துக்கு வரும் இன்றைய தலைமுறையின் வேர் இந்த மணலில்தான் முதலில் கால் வைத்தது.

அவர்களும் இதே நீலத்தைத்தான் கண்டிருப்பார்கள். ஆனால் காட்சியை அழகென்று உணர வேண்டுமானால், நின்று பார்க்க ஓர் உரிமை வேண்டும். நின்றால் கூட்டம் போய்விடும், கங்காணி ஏசுவான், கடன்துண்டு ஏறும் என்ற நிலையில் நடந்தவர்களுக்கு இக்கரை வெறும் வெயிலும் மணலுமே.

நண்பகலில், வாடியொன்றின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னை அழைத்து அமரச் செய்தார்.

"எங்க இருந்து வாறியள், தம்பி?"

"வலப்பனைப் பக்கம், ஐயா. மலைநாடு."

"மலைநாடோ?" என்று சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்தார். "உங்கட சனம் வந்ததை நான் காணேல்ல, அது பாட்டன் பூட்டன் காலம். போனதைத்தான் கண்டனான். அப்ப நான் இளந்தாரி. கப்பலுக்குப் பாத்திருந்த சனம் கம்பளியை விக்கிறதுக்குக் கொண்டு திரிஞ்சவை. இந்த வெக்கையில கம்பளியை ஆர் வாங்குறது, தம்பி?"

என்னால் பதில் கூற இயலவில்லை. அவர் குறிப்பிட்டது 1970களை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரின் கதி 1974 இல் ஆளுக்குப் பாதியாகத் தீர்க்கப்பட்டது. மலையடிவாரத்து நிலையங்களில் உறவினர் கட்டிப்பிடித்து அழுது அனுப்பிய அந்த இரயிலுக்கு, 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வழங்கிற்று. அது வந்து நின்ற இடம் இந்தத் தலைமன்னார். இங்கிருந்து 'இராமானுஜம்' கப்பல் அவர்களை இராமேசுவரத்துக்குக் கொண்டு சென்றது. தோட்டத்துக் குளிருக்கு வாங்கிய கம்பளி, இக்கரையில் விலை போகாத பொருளாயிற்று. வந்தபோது நிற்க விடாத கரை, போனபோதும் நிற்க விடவில்லை.

போரின் காரணமாக 1984 இல் கப்பல் நின்றது. 1990 இல் அழிந்த இரயில் பாதை 2015 மார்ச் மாதத்தில் மீண்டும் தலைமன்னாரை எட்டியது. அடுத்து நிகழ்ந்ததுதான் என் மனத்துக்கு ஆறுதல். மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முன்னோர் விரட்டப்பட்டு நடந்த வழியைப் பேரர்கள் தாமே தேர்ந்து நடந்தார்கள். வழியெங்கும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களை வரவேற்றார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் முக்கியமான ஒன்று நிலம்.

வாசகர் கேட்கலாம்: கடற்கரை நடைக்கும் மலைநாட்டு நிலத்துக்கும் என்ன தொடர்பு என்று. நெருங்கிய தொடர்பு உண்டு. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றவர் என்ற பெயர் ஒழிந்தது. ஆனால் இன்றும் மிகப் பலர் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்தில்தான் வாழ்கிறார்கள். அரசாங்கத் திட்டங்களில் பேசப்படும் சிறு துண்டுக் காணியும் பலருக்குக் கைக்கெட்டவில்லை. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடெங்கும் சரிந்தது. சரியும் மண்ணைவிட்டு நகர வேண்டுமானால், நகர்ந்து நிற்கச் சொந்த மண் வேண்டாமா?

பிற்பகலில், பனந்தலைகளுக்கு மேலாகத் தென்கரைக் காற்றாலைகளின் கைகள் சுழல்வது தெரிந்தது. 2020 இல் திறக்கப்பட்ட 'தம்பபவனி'யின் 30 கோபுரங்களில் சில அவை. காற்றைக்கூட நிறுத்தி வேலை வாங்கும் காலம் இது!

பேசாலையை அடைந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. சிறுவர் சிலர் அவற்றின் நிழலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாதா கோவில் மணி ஒலித்தது. மீனவர் வீடுகள் எளியவைதாம். ஆயினும் ஒவ்வொன்றையும் சுற்றிப் பனையோலையால் அடைத்த வேலி இருந்தது. வேலிக்குள் ஒரு முருங்கை, ஒரு கிணறு, உலரும் கருவாடு. லயத்து வரிசையில் நான் காணாதது அந்த வேலிதான்.

மலைநாட்டு இளைஞர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் இக்கரையில் நடக்க வேண்டும். வேகமாக அல்ல, நின்று நின்று, கடலை வேண்டுமட்டும் பார்த்து நடக்க வேண்டும். பின்னர் ஊர் திரும்பி, தம் வீட்டைச் சுற்றி அடைக்க ஒரு வேலியைக் கேட்க வேண்டும்.