போன் பேட்டரி வீங்கினால் என்ன செய்யணும்?

“சார்ஜ் சுத்தமா தீர்ந்த பிறகுதான் போடணும்.” “புது போனை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ்ல வைக்கணும்.” “ராத்திரி முழுக்க போட்டா வெடிச்சிடும்.”

செல்போன் பற்றிப் பேச்சு வந்தால் இந்த மூன்றில் ஒன்றையாவது யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்பவர்கள் கதை விடவில்லை. முதல் இரண்டும் ஒரு காலத்தில் சரியான அறிவுரைகள்தான். பழைய செல்போன்களிலும் கார்ட்லெஸ் போன்களிலும் நிக்கல் சேர்ந்த பேட்டரிகள் இருந்தன. நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பாதியிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் செய்தால், அந்தப் பாதி அளவுக்குப் பழகிப்போய், முழுத் திறனைத் தராமல் போகும். அதனால் முழுசா தீர்த்துவிட்டு சார்ஜ் போடச் சொன்னார்கள். பேட்டரி மாறிவிட்டது. அறிவுரை மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது நம் கையில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991-ல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்எனஃபுக்கு வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. பேட்டரிக்குள் இரண்டு அடுக்குகள். ஒன்று கிராஃபைட், அதாவது பென்சில் முனையில் இருக்கும் அதே பொருள். இன்னொன்று கோபால்ட் போன்ற உலோகம் கலந்த ஆக்சைடு. சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு பக்கத்திலிருந்து கிராஃபைட் பக்கம் போய் உட்காரும். போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு. அயனிகள் நீந்திப் போக ஒரு திரவம். அந்தத் திரவம் எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. இனி சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் ஆதாரம்.

இந்த பேட்டரிக்கு ‘பழகிப்போகும்’ பிரச்சினை கிடையாது. 40 சதவீதத்தில் போடலாம், 70-ல் எடுக்கலாம். முழுசா தீர்ப்பதுதான் இதற்கு ஆகாது. பழைய போனை ஜீரோவில் பீரோவுக்குள் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால், பேட்டரி திரும்ப உயிர் பெறாமலே போகலாம். எடுத்து வைக்கும் போனில் பாதி சார்ஜ் இருக்கட்டும்.

ராத்திரி சார்ஜ் விஷயம் கொஞ்சம் வேறு. போனுக்குள் இருக்கும் சிப், பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முதலில் வேகமாக ஏற்றும், நிறைய நிறைய வேகத்தைக் குறைக்கும், நிறைந்ததும் நிறுத்திவிடும். 80 சதவீதம் வரை மடமடவென்று ஏறி, அதற்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறதே, அது சார்ஜர் கோளாறு இல்லை. ஆக, நல்ல போனும் நல்ல சார்ஜரும் இருந்தால், ராத்திரி முழுக்க போட்டதற்காக மட்டும் எதுவும் வெடிக்காது. ஆனால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சார்ஜ் போடுவது வேறு கதை. சூடு வெளியே போக வழி இல்லை. பக்கத்திலேயே பஞ்சு, துணி. தயவுசெய்து வேண்டாம்.

சூடுதான் இந்த பேட்டரிக்கு நிஜ எதிரி. நம்ம ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம், கோடையில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, வழி காட்டும் செயலியைத் திறந்து, பவர் பேங்க்கையும் செருகி மத்தியானம் ஓட்டுபவர்கள் மூன்று பக்கமும் சூட்டை ஏற்றுகிறார்கள். உணவு டெலிவரி செய்பவர்களுக்கு இது தினசரி வாழ்க்கை. முடிந்தால் வண்டி ஓடும்போது சார்ஜ் போடாமல், நிழலில் நிற்கும்போது போடுங்கள். மூடிய காரின் டேஷ்போர்டில் போனை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சூட்டாலோ வயதாலோ அந்தத் திரவம் சிதையும்போது வாயு உண்டாகும். பேட்டரியின் உறை மூடியது என்பதால் வாயு உள்ளேயே தங்கி உப்பும். போனின் பின்மூடி லேசாக எழும்பும், திரை ஓரத்தில் விலகும், மேஜையில் வைத்தால் போன் ஆடும். இதைப் பார்த்ததும் சார்ஜை எடுத்துவிட்டு போனை அணைத்துவிடுங்கள். “போட்டோ எல்லாம் எடுத்துட்டு அணைக்கிறேன்” என்று மறுபடி சார்ஜில் போட வேண்டாம். மூடியை அமுக்கி உட்கார வைப்பது, ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவது இரண்டும் உயிரோடு விளையாடும் வேலை. உள்ளே இருக்கும் அந்த மெல்லிய தடுப்பு கிழிந்தால் இரண்டு அடுக்குகளும் தொட்டுக்கொள்ளும், நொடியில் தீ பிடிக்கும். துணி, காகிதம் இல்லாத இடத்தில், சிமென்ட் தரையிலோ ஓட்டின் மீதோ வைத்துவிட்டு, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிடம் பேசுங்கள்.

புகை வந்துவிட்டால் போனைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது. அந்தப் புகை நச்சு. குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள், 101-க்கு அழையுங்கள். மெயின் சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் அணையுங்கள்.

பேட்டரி மாற்றும்போதும், பவர் பேங்க் வாங்கும்போதும் விலையை மட்டும் பார்க்காமல், அதில் அச்சிட்டிருக்கும் பிஐஎஸ் பதிவு எண்ணையும் பாருங்கள். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து 8 இலக்கங்களும் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால், எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த பதிவு என்று காட்டும். கவரில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் வாங்காதீர்கள். கடைக்காரர் முன்னாலேயே பார்க்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. போலி என்று தெரிந்தால் அதே செயலியில் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணத்துக்கு நியாயம் கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

பழைய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. 2022-ம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது பயன்படுத்துபவரின் பொறுப்பு. சட்டத்தை விடுங்கள், குப்பை வண்டியில் அழுத்தும்போது நசுங்கினால் தீ பிடிப்பது தூய்மைப் பணியாளரின் கைக்குப் பக்கத்தில். பேட்டரி முனைகளில் செல்லோடேப் ஒட்டி, தனிப் பையில் போட்டு, சர்வீஸ் சென்டரிலோ உங்கள் உள்ளாட்சியின் மின்னணுக் கழிவு சேகரிப்பிலோ கொடுங்கள். வீங்கியதாக இருந்தால், வாங்குபவரிடம் அதை வாய் திறந்து சொல்லிவிட்டுக் கொடுங்கள்.