கொதிகலன் கட்டும் கைகள்

சர்க்கரை ஆலை, சாயத் தொழிற்சாலை, உர ஆலை, அனல் மின் நிலையம் ஆகிய அனைத்துக்கும் பொதுவான உயிர்நாடி நீராவியாகும். அதைப் பிறப்பிக்கும் கொதிகலனைப் பற்றிப் பொறியியல் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன; அதன் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டமே உள்ளது. ஆனால், கொதிகலனைக் கட்டியும் பழுதுபார்த்தும் தருகின்ற தொழிலாளியைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அவருடைய பணி செம்மையாக அமைந்திருக்கும்வரை அது எவர் கண்ணுக்கும் புலப்படாது என்பதே இதற்குக் காரணம் எனலாம்.

கொதிகலனை இயக்குபவர் வேறு. அதைக் கட்டுபவர் வேறு. தீயையும் நீர் மட்டத்தையும் கண்காணிப்பவர் இயக்குநர். தகட்டை வெட்டி, வளைத்து, துளையிட்டு, குழாய்களைப் பொருத்தி, மூட்டுகளைப் பற்றவைத்து, அழுத்தம் தாங்கும் கலமாக உருவாக்குபவரே 'பாய்லர் மேக்கர்' எனப்படும் கொதிகலன் தொழிலாளி. இக்கட்டுரை பின்னவரைப் பற்றியது.

அடைபட்ட ஆற்றல்

நீர் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆவியாகும்போது அதன் கனஅளவு சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. கொதிகலனிலோ நீர் உயர் அழுத்தத்தில், 100 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. சுவர் திடீரெனப் பிளந்தால், அந்த நீரின் ஒரு பகுதி நொடிப்பொழுதில் ஆவியாகி வெடிக்கிறது. எனவே கொதிகலனில் ஒரு மூட்டின் குறை, ஓர் இயந்திரத்தின் குறையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அருகில் பணியாற்றும் அனைவருடைய உயிரும் அந்த மூட்டை நம்பியே இருக்கிறது.

ஆணியிலிருந்து பற்றவைப்புக்கு

முற்காலத்தில் தகடுகளை இணைக்கத் தறையாணிகள் பயன்பட்டன. ஆணியைச் செஞ்சூடாகக் காய்ச்சித் துளையில் செருகி, ஒருவர் தாங்கிப் பிடிக்க மற்றவர் சம்மட்டியால் அடித்துத் தலை அமைப்பார். ஆணி குளிர்ந்து சுருங்கும்போது தகடுகள் இறுகும். கலத்தின் உள்ளே அமர்ந்து இந்த ஓசையை நாள்தோறும் கேட்டவர்களில் பலர் நடு வயதிலேயே செவித்திறனை இழந்தனர்.

இந்திய இரயில்வேயின் பணிமனைகள் இத்தொழிலின் நாற்றங்கால்களாக விளங்கின. 1862-ல் தோன்றிய ஜமால்பூர் பணிமனையும், 1950 முதல் 1972 வரை 2,351 நீராவி எஞ்சின்களைக் கட்டிய சித்தரஞ்சன் தொழிற்சாலையும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. எஞ்சினின் தீப்பெட்டியைத் தாங்கும் தண்டுகளைச் சிறு சுத்தியலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே முறிந்த தண்டை அடையாளம் காண்பது அங்கு வழிவழியாகக் கற்பிக்கப்பட்ட கலையாகும். முழுமையான தண்டு தெளிவாக ஒலிக்கும்; முறிந்தது மழுங்கலாக ஒலிக்கும்.

இன்று தறையாணியின் இடத்தைப் பற்றவைப்பு பெற்றுவிட்டது. ஆயினும் தேவைப்படும் திறன்கள் குறைந்துவிடவில்லை. வரைபடத்தைப் படித்து, பற்றவைக்கும்போது ஏற்படும் சுருக்கத்துக்கும் இடம்விட்டுத் தகட்டில் அளவு குறிக்க வேண்டும். குழாய் முனையை டிரம்மின் துளையில் நுழைத்து, உருளைகள் கொண்ட கருவியால் உள்ளிருந்து விரித்து இறுக்க வேண்டும். விரிவு குறைந்தால் கசியும். மிகுந்தால் குழாயின் சுவர் மெலியும். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையைக் கருவி ஓரளவே காட்டும். எஞ்சியதைக் கையே அறியும்.

கலப்பு எஃகுக் குழாய்களைப் பற்றவைக்கும் முன் சூடேற்ற வேண்டும். பின்னரும் அளவறிந்து சூடேற்றி மெல்ல ஆறவிட வேண்டும். தவறினால் மூட்டின் அருகே உலோகம் நொறுங்குதன்மை அடைந்து, நாளடைவில் விரிசல் காணும். நெருக்கமான குழாய் வரிசைகளில் மூட்டின் பின்புறம் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாது. அங்கே சிறு கண்ணாடியை வைத்து, இடம் வலமாக மாறித் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே பற்றவைக்க வேண்டும். இது பல ஆண்டுப் பயிற்சியால் மட்டுமே கைவரும்.

சட்டத்தின் காவல்

1863-ல் கல்கத்தாவில் நிகழ்ந்த கொதிகலன் விபத்து பல உயிர்களைப் பலிகொண்டது. அதன் விளைவாக 1864-ல் வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுச் சட்டம் பிறந்தது. பின்னர் மாகாணங்கள் தத்தமக்கெனச் சட்டங்கள் இயற்றின. அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டதால், நாடு முழுவதற்கும் பொதுவாக 1923-ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. தொழில்நுட்ப அளவைகளை 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள் வகுத்தன. நூறாண்டுக்கு மேல் நீடித்த அச்சட்டத்தின் இடத்தை 2025-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டம் பெற்றுள்ளது. கலத்தினுள் பணியாற்றுவோரின் பாதுகாப்பும், பழுதுபார்ப்பைத் தகுதி பெற்றோரே மேற்கொள்ள வேண்டும் என்பதும் இச்சட்டத்தில் வலியுறுத்தப்பட்டுள்ளன.

மூலப்பொருளான எஃகிலிருந்து முடிவுச் சோதனைவரை ஒவ்வொரு படியும் ஆய்வுக்கு உட்பட்டது. பற்றவைப்பவர் சோதனைத் துண்டுகளைப் பற்றவைத்துக் காட்டித் தகுதிச் சான்று பெற வேண்டும். முக்கிய மூட்டுகள் ஊடுகதிர்ப் படத்தால் ஆராயப்படுகின்றன. கட்டி முடித்த கலத்தில் நீர் நிரப்பி, வடிவமைப்பு அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தம் செலுத்திச் சோதிக்கின்றனர்.

ஒரு கசிவின் விலை

இத்திறனின் பொருளாதார மதிப்பை ஓர் எளிய கணக்கு உணர்த்தும். 500 மெகாவாட் அலகு ஒன்றின் கொதிகலனில் பல்லாயிரக்கணக்கான பற்றவைப்பு மூட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கசிந்தாலும் அலகை நிறுத்தி, ஆறவைத்து, சாரம் கட்டி, பழுதான துண்டை வெட்டி நீக்கி, புதியதைப் பொருத்திச் சோதிக்க வேண்டும். முழுத் திறனில் இயங்கக்கூடிய அந்த அலகு இரண்டு நாள் நின்றால், கிடைக்காமற்போகும் மின்சாரம் 2 கோடியே 40 லட்சம் யூனிட். ஒரு தொழிலாளி சில மணி நேரத்தில் முடிக்கும் மூட்டு இத்துணைப் பெரிய இழப்பைத் தடுக்கவோ விளைவிக்கவோ வல்லதாக இருக்கிறது.

எல்லாக் கசிவுகளுக்கும் பற்றவைப்பே காரணம் என்று கொள்ளலாகாது. சாம்பல் மிகுந்த நம் நிலக்கரி குழாய்களை அரிக்கிறது. தரமற்ற நீர் உள்ளிருந்து துருவேற்றுகிறது. எனினும் காரணம் எதுவாயினும் பழுதைச் சீர்செய்யும் கை ஒன்றே. உயிரிழப்பின் கணக்கோ எந்த யூனிட்டாலும் அளக்க முடியாதது. 2017 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் ஊஞ்சாஹார் அனல் மின் நிலையத்தின் கொதிகலனில் நிகழ்ந்த விபத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

திறனும் ஒரு மூலதனமே

செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்புடன் 1960-களில் திருச்சிராப்பள்ளி அருகே உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதனையொட்டி 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இயந்திரத்தை இறக்குமதி செய்துவிடலாம்; கைத்திறனை இங்கேயே வளர்த்தாக வேண்டும் என்ற தெளிவு இம்முயற்சியில் தென்படுகிறது. நீராவி எஞ்சின்களின் காலம் முடிந்த பின்னரும் நீலகிரி மலை இரயிலுக்கெனப் புதிய நீராவி எஞ்சின்களைப் பொன்மலைப் பணிமனை கட்ட முடிந்தது, அக்கைத்திறன் அங்கே அறுபடாமல் காக்கப்பட்டதால்தான்.

ஆனால் பராமரிப்புப் பணியின் நிலை வேறு. ஆலை நிறுத்தக் காலங்களில் இப்பணியின் பெரும்பகுதியை ஊர் ஊராகச் செல்லும் ஒப்பந்தக் குழுக்கள் செய்கின்றன. சான்று பெற்ற பற்றவைப்பாளரின் திறன் ஏட்டில் இருக்கிறது. அவருக்குத் துணைநின்று குழாய் பொருத்தியும் விரித்தும் பழகியவரின் அனுபவம் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. மூத்தவர் விலகும்போது அவருடைய அறிவும் உடன் விலகிவிடுகிறது.

இதற்குச் செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் வகுத்த பாதையில் பராமரிப்புக் குழுக்களிலும் பழகுநர்களைச் சேர்க்கலாம். ஒவ்வொரு தொழிலாளியின் பணியனுபவத்தையும் அவருடனேயே செல்லும் ஏட்டில் பதியச் செய்யலாம். மிகக் குறைந்த விலை கூறுபவருக்கே பணி என்ற நடைமுறையில், குழுவின் திறனுக்கும் உரிய மதிப்பெண் அளிக்கலாம். கலத்தினுள் காற்றோட்டம், செவிக்காப்பு, 24 வோல்ட்டுக்கு மிகாத விளக்கு ஆகியவற்றை எவ்வளவு அவசரமாயினும் விட்டுக்கொடுக்கலாகாது.

கொதிகலனுக்கு வழங்கப்படும் சான்றிதழ் பொதுவாக 12 மாதங்களில் காலாவதியாகிறது. ஆய்வு செய்து அதைப் புதுப்பிக்கிறோம். அதைக் கட்டும் கைகளின் திறனையும் அதே கண்டிப்புடன் காலந்தோறும் புதுப்பித்து வருவது அரசுக்கும் தொழில்துறைக்கும் பொதுவான கடமையாகும்.