சைக்கிள் டார்ச்லைட்டு கண் சிமிட்டுகிறதா? பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்!

விடியுமுன் பிரட்டுக்குப் போகும் சைக்கிளுக்குப் பல வீடுகளில் ஒரு டார்ச்லைட்டுத்தான் விளக்கு. பழைய டியூப் ரப்பரால் ஹேண்டிலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புகிறோம். லயத்து வாசலில் பளிச்சென்று எரிகிறது. செம்மண் பாதையில் முதல் குழியில் இறங்கியதும் அணைகிறது. ஒரு தட்டுத் தட்டினால் எரிகிறது. அடுத்த மேட்டில் மறுபடியும் கண்ணை மூடிக்கொள்கிறது. “பேட்டரி செத்துப்போச்சு” என்று கடைக்குப் போய்க் காசைக் கொட்டுகிறோம். புதுசு போட்டாலும் அதே கதைதான்!

தோழர்களே, தாய்மார்களே! தீர்ந்துபோன பேட்டரி பெரும்பாலும் மெள்ள மெள்ள மங்கித்தான் அணையும். ஆட்டினால் அணைந்து, தட்டினால் எரிந்தால், கோளாறு பேட்டரியில் இல்லை, காண்டாக்டில்தான். அதாவது, உலோகமும் உலோகமும் தொட வேண்டிய இடத்தில் சரியாகத் தொடவில்லை. இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை.

சைக்கிள் நமக்குச் சும்மா வந்த வாகனமல்ல. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்று நடத்திய வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல் இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார்; பிறகு நாடு கடத்தப்பட்டார். இறங்காமல் போகும் உரிமைக்கு நம் பெரியவர்கள் அந்த விலை கொடுத்தார்கள். நாம் இருட்டில் குழியில் விழுந்து கை காலை முறித்துக்கொள்ளலாமா?

மின்சாரம் போகும் வழி

பேட்டரியின் தலைக் குமிழிலிருந்து பல்புக்கு, பல்பிலிருந்து சுவிட்சுக்கும் உடல் தகட்டுக்கும், அங்கிருந்து பின்மூடிக்கு, மூடியின் ஸ்பிரிங் வழியாகப் பேட்டரியின் அடிக்கு என்று மின்சாரம் ஒரு வட்டம் சுற்றி வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த நம்மவர்களைக் கேளுங்கள். ஓரிடத்தில் தண்டவாளம் விலகினாலும் வண்டி முழுதும் நின்றுவிடும் என்பார்கள். டார்ச்சும் அப்படித்தான்.

பெரிய பேட்டரி இரண்டு சேர்ந்தால் கால் கிலோவுக்குப் பக்கம் கனம். சைக்கிள் குலுங்கும்போது அந்தக் கனம் முன்னும் பின்னும் இடிக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஒரு நொடி இடைவெளி விழுகிறது. அந்த ஒரு நொடியில்தான் குழி வரும்!

எங்கே கோளாறு?

முதலில் பல்பையும் முன்மூடியையும் இறுக்கித் திருகிப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், உலோக உடம்புள்ள டார்ச்சைத் தலைகீழாகப் பிடித்துப் பின்மூடியைக் கழற்றுங்கள். சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒரு சிறு கம்பியின் ஒரு முனையைப் பேட்டரியின் அடியிலும் மறுமுனையை உடம்பின் பளபளப்பான விளிம்பிலும் அழுத்துங்கள். விட்டு விட்டு எரியாமல் நிலையாக எரிந்தால் கோளாறு பின்மூடியிலோ ஸ்பிரிங்கிலோ இருக்கிறது. சுவிட்சு பின்மூடியிலேயே உள்ள டார்ச்சானால் அந்தச் சுவிட்சையும் சந்தேகப்படுங்கள். அப்படியும் எரியாவிட்டால் பல்புப் பக்கத்தையும் பேட்டரியையும் பாருங்கள்.

எப்படிச் சரிசெய்வது?

பேட்டரிகளை வெளியே எடுங்கள். ஸ்பிரிங், பேட்டரி முனைகள், பல்பின் அடிப்பொட்டு எல்லாவற்றையும் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புத்தாளால் பரபரவென்று தேய்க்காதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ காடியோ தொட்டுத் துடையுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அந்த வெள்ளைப் பொடி கண்ணில் படக் கூடாது. கையை உடனே கழுவிவிடுங்கள்.

ஸ்பிரிங்கை மெதுவாகக் கொஞ்சம் இழுத்து நீட்டுங்கள். பேட்டரி குழாய்க்குள் கடகடவென்று ஆடினால் அதைச் சுற்றி ஒரு காகிதம் சுருட்டிப் போடுங்கள். இரண்டு முனைகளையும் மட்டும் மூடிவிடாதீர்கள். ஹேண்டிலில் கட்டும்போது அடியில் டியூப் ரப்பரை இரண்டாக மடித்து வைத்தால் பாதி அதிர்ச்சி அதிலேயே அடங்கும்.

இப்போது வரும் அலுமினிய எல்.இ.டி. டார்ச்சில் பல வகைகளில் உடம்பு வழியாகவே மின்சாரம் போகிறது. கறுப்புப் பூச்சு உள்ள இடத்தில் மின்சாரம் போகாது. பூச்சு இல்லாத விளிம்பில் அழுக்குச் சேர்ந்தால் விளக்கு சிமிட்டும். அந்த விளிம்பைத் துடைத்து மூடியை இறுக்குங்கள். லித்தியம் பேட்டரியானால் ஈயத்தாள் வைத்து அடைப்பது, நசுக்குவது, சாவிக்கொத்தோடு பையில் போடுவது எதுவும் கூடாது. தீப்பிடிக்கும்!

ரப்பர்த் தோட்டத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியாவின் ஆவி பித்தளையையும் செம்பையும் அரிக்கும். பச்சை படிந்த காண்டாக்ட் பல நேரம் அதன் வேலையாக இருக்கும். பால் கொட்டகையில் அந்தப் போத்தல் பக்கத்தில் டார்ச்சை வைக்காதீர்கள்.

பேட்டரியை வெயிலில் காயவைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. கொஞ்ச நேரம் தெம்பு வந்ததுபோல் தெரியும். பிறகு கசிந்து டார்ச்சையே கெடுத்துவிடும். புதுசையும் பழசையும் கலந்து போட்டாலும் பழசு கசியும். நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

விழுந்துவிட்டால்?

வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலுள்ள வழியில் நேரும் விபத்தும் 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி வேலை விபத்துக் கணக்கில் வரும். இதற்குத்தான் சொக்சோ. வெளிநாட்டுத் தோழர்களும் 2019 முதல் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பிப் போயிருந்தால் சிக்கல் வரலாம். ஆகவே விழுந்தவுடன் மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லுங்கள். கிளினிக்கில் சீட்டு வாங்குங்கள். விழுந்த இடத்தையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பார்த்தவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். “சின்னக் காயந்தானே” என்று விட்டுவிட்டால் பிறகு வழக்காடுவது கஷ்டம்.

டார்ச் முன்னால்தான் காட்டும். பின்னால் லோரிக்காரன் கண்ணில் படச் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ அவசியம் மாட்டுங்கள். பாதையின் குழியை மூடுவதும் பிரட்டுக் களத்தில் விளக்குப் போடுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. கிளைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறிய கையோடு, வீட்டிலுள்ள டார்ச்சை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.