மனச்சோர்வும் மூளையின் மாறும் தொடர்புகளும்

மனச்சோர்வு நோயால் வருந்துவோருள் பலர் முதலில் நாடுவது மனநல வைத்தியரை அன்று. உறக்கமின்மை, தலைவலி, உடல் அசதி, பசியின்மை ஆகிய குறைகளைக் கூறிப் பொது மருத்துவமனைக்கே அவர்கள் வருகின்றனர். சிலருக்கு எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம் எடுத்து மூளை பரிசோதிக்கப்படுகிறது. படத்தில் குறை ஏதும் இல்லை என்று அறிக்கை வந்ததும், நோயே இல்லை, எல்லாம் சோம்பலும் பாசாங்குமே என்று சுற்றத்தார் முடிவு செய்துவிடுவதுண்டு. இம்முடிவு தவறானது. சாதாரணப் படத்தில் புலப்படாத மாறுதல்கள் எவை என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் ஓரளவு விளக்கியுள்ளன.

இந்நோய் அரிதானதன்று. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழகம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். மனச்சோர்வு உள்ளிட்ட பொதுவான மனநோய்கள் உடையோரில் 100க்கு 85 பேர் அளவில் சிகிச்சை பெறவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது.

அமைப்பு வேறு, இயக்கம் வேறு

மூளையை இரயில் போக்குவரத்துக்கு ஒப்பிடலாம். தண்டவாளங்களையும் நிலையங்களையும் காட்டும் வரைபடம் ஒன்று. அவற்றின்மீது எந்த வண்டி எந்த நேரத்தில் ஓடுகிறது என்ற கணக்கு மற்றொன்று. சாதாரண எம்.ஆர்.ஐ. படம் முதலாவதைப் போன்றது. கட்டி, இரத்தக் கசிவு முதலிய அமைப்புக் குறைகளை அது காட்டும்; மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு சேர்ந்து இயங்குகின்றன என்பதைக் காட்டாது.

இயக்கத்தை அறிவதற்கு இரத்தவோட்டம் உதவுகிறது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. ஒரு பகுதி சுறுசுறுப்பாக இயங்கும்போது அங்குப் பிராணவாயு நிறைந்த இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவுக்கேற்பக் காந்தக் குறிகள் மாறுவதை ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990இல் வெளியிட்டார். 1995இல் பரத் பிஸ்வாலும் அவருடைய சகாக்களும், ஒருவர் அசையாது ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் அசைவைக் கட்டுப்படுத்தும் இடப்புற, வலப்புறப் பகுதிகளின் குறிகள் ஒருங்கே ஏறி இறங்குவதைக் கண்டனர். இவ்வாறு ஒருங்கே இயங்கும் பகுதிகளின் தொகுதி ‘வலையமைப்பு’ எனப்படும். புறவேலை எதுவுமின்றி இருக்கையில் மிகுதியாக இயங்கும் பகுதிகளை மார்க்கஸ் ரெய்க்கிலும் பிறரும் 2001இல் விவரித்தனர். இவை ‘இயல்புநிலை வலையமைப்பு’ என்று பெயர் பெற்றன. தன்னைப் பற்றிய சிந்தனை, கடந்ததை நினைத்தல், வருவதைக் கற்பனை செய்தல் ஆகியவற்றில் இவ்வலையமைப்புக்குப் பங்குண்டு. மனச்சோர்வுற்றோர் நடந்ததையே திரும்பத் திரும்ப எண்ணி வருந்துவதால், ஆராய்ச்சியாளர் இதனைச் சிறப்பாகக் கவனிக்கலாயினர்.

கணந்தோறும் மாறும் தொடர்பு

தொடக்கத்தில், சில நிமிடங்கள் பதிவுசெய்த குறிகள் அனைத்தையும் சேர்த்து ஒரே சராசரி கணக்கிடப்பட்டது. ஆனால் பகுதிகளுக்கிடையேயுள்ள தொடர்பு நிலையாக இருப்பதில்லை. ஒரு சமயம் வலுத்தும் மறு சமயம் தளர்ந்தும் காணப்படும். ஆகவே பதிவைச் சுமார் ஒரு நிமிட அளவுள்ள சிறு காலத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தொடர்புகளைக் கணித்து ஒப்பிடும் முறை வழக்கத்துக்கு வந்தது.

சீனாவில் திரட்டிய பதிவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வொன்றில், மனச்சோர்வுடைய 460 பேரும் நலமுடைய 473 பேரும் இம்முறையில் ஒப்பிடப்பட்டனர். நோயுற்றோரிடம் தொடர்புகளின் மாறுபாடு மிகுதியாக இருந்தது. ஒரு பகுதி ஒரு கணத்தில் எவற்றோடு சேர்ந்து இயங்குகிறதோ, அடுத்த கணத்திலும் அவற்றோடு சேர்ந்திருக்கும் தன்மை குறைந்திருந்தது. இயல்புநிலை வலையமைப்பிலும், புலனுணர்வு, அசைவு ஆகியவற்றுக்குரிய பகுதிகளிலும், மூளையின் உட்பகுதிகளிலும் இவ்வேறுபாடு முக்கியமாகத் தென்பட்டது. தண்டவாளம் பழுதின்றி இருப்பினும் வண்டிகள் ஒழுங்குதவறி ஓடும் நிலைக்கு இதனை ஒப்பிடலாம்.

நினைவிற்கொள்ள வேண்டிய வரம்பு

இம்முடிவுகளைக்கொண்டு தனியொருவரின் நோயை நிர்ணயிக்க இயலாது. இரு வகுப்புகளின் சராசரி உயரம் வேறுபடலாம். எனினும் ஒரு மாணவனின் உயரத்தை மட்டும் அளந்து அவன் எவ்வகுப்பினன் என்று கூற முடியாது. சராசரி வேறுபாடுகளும் அத்தகையவையே. படமெடுக்கும்போது தலை சிறிது அசைந்தாலும் கணக்கு மாறக்கூடும். மேலும், எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரை, நோயுற்றோரின் இயல்புநிலை வலையமைப்பில் தொடர்பு மிகுந்துள்ளது என்றது. 1,300 நோயாளிகளை ஆராய்ந்து சீனாவில் 2019இல் வெளியான ஆய்வோ, நோய் மீண்டும் மீண்டும் வந்தவரிடம் அத்தொடர்பு குறைந்திருப்பதைக் கண்டது. அக்குறைவு மருந்து உட்கொள்வதோடு தொடர்புடையதாகவும் தோன்றியது. ஆதலால் மூளைப்படம் எடுத்து மனச்சோர்வைக் கண்டுபிடித்துத் தருவதாகக் கூறுவோரை நம்பி ஏழைக் குடும்பங்கள் பொருள் இழத்தல் கூடாது.

நோயறியும் சாதனம் இன்றும் பொறுமையான விசாரணையே. மனவாட்டமோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உறக்கம், பசி, கவனம் ஆகியவை கெட்டு, தன்னைப் பயனற்றவராகக் கருதும் எண்ணமும் தலைதூக்குமாயின், மருத்துவரிடம் அனுப்புவது அவசியம். நன்கு படித்துவந்த மாணவன் காரணமின்றிப் பின்தங்கி ஒதுங்கியிருப்பதை ஆசிரியரும், வீட்டுவேலையில் கருத்திழந்த தாயைக் களப்பணியாளரும் முதலில் காணக்கூடியவர்கள். சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், அதனை அலட்சியம் செய்யாது, நேராகவும் பரிவோடும் வினவி, அவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுதல் வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

படம் தெளிவாக இருப்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. இவ்வொன்றைக் குடும்பத்தாருக்கு விளங்கச் செய்தாலே, பழிச்சொல்லுக்கு அஞ்சி வாளாவிருக்கும் நோயாளிகள் பலர் சிகிச்சையை நாட வழி பிறக்கும்.