போர் தண்ணீரில் ஆஸ்கர்

பழனி வட்டத்துக் கீரனூர்ப் பக்கம் ஜிலேபிக் கெண்டையை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952இல் இந்தியாவுக்கு வந்தது. இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டவை அவற்றில் ஒரு பகுதி. 1960களின் முடிவுக்குள் தமிழ்நாட்டின் பெரும்பாலான நீர்த்தேக்கங்களில் அதை விட்டிருந்தார்கள். அமராவதி அணையில் வலைக்கு அகப்படும் முக்கிய மீனாகவே அது ஆகிவிட்டது. மொசாம்பிக் திலாப்பியா என்பது அதன் நூற்பெயர். கண்ணாடித் தொட்டியில் காசு கொடுத்து வளர்க்கும் ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், ஜாகுவார் எல்லாம் இந்த ஜிலேபிக் கெண்டையின் சொந்தக்காரர்கள். எல்லாமே சிக்லிட் என்ற ஒரே குடும்பம்.

உலகில் 1,700க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குப் பொதுவான ஒரு வியப்பு, தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை. முன்வாய் இரையைப் பிடிக்க, தொண்டைத் தாடை அதை நொறுக்குகிறது. இரண்டு வேலைக்கும் தனித்தனி உறுப்பு இருப்பதால், நத்தை தின்பது, பாசி சுரண்டுவது, சிறு மீனை விழுங்குவது என்று ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு பிழைப்பைக் கண்டுகொண்டது. ஃப்ளவர்ஹார்ன் மட்டும் எந்த ஆற்றிலும் பிறந்ததல்ல. 1990களில் மலேசியாவில் பல சிக்லிட்களைக் கலந்து உருவாக்கிய கலப்பினம் அது.

ஆஸ்கரின் தாய்மண் தென் அமெரிக்கா, அமேசான் ஆற்றுப் படுகை. வால் அருகே செம்மஞ்சள் வளையமிட்ட கரும்புள்ளி ஒன்று இருக்கும். கடிக்க வரும் மீன் அதைக் கண் என்று நினைத்து ஏமாறும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கடையில் விரல் நீளத்தில் வாங்கும் குஞ்சு நன்றாக வளர்ந்தால் ஓரடியை எட்டும். பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். வளர்ப்பவரை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வந்து நிற்கும். பிடிக்காத கல்லை வாயால் கவ்வி இடம் மாற்றும். இவ்வளவு அறிவுள்ள ஓர் உயிரை இரண்டடித் தொட்டியில் அடைத்து விற்பதையும் வாங்குவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 57 லிட்டருக்குக் கீழே. ஒற்றை ஆஸ்கருக்கே குறைந்தது 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும், அதாவது சுமார் 250 லிட்டர் வேண்டும்.

திரும்ப இடம் வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அரைக்கிலோ ஆஸ்கர் ஒரு நாளில் 5 கிராம் தீனி தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தீனியில் 40 விழுக்காடு புரதம் என்றால், அதில் சுமார் 0.3 கிராம் நைட்ரஜன். மீன் உடம்பில் சேர்ந்தது போக, ஏறத்தாழ 0.2 கிராம் அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கும். பெரும்பங்கு செவுள் வழியாகவே வெளியேறும். ஆகவே எச்சத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டால் போதும் என்பது தவறு. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் அம்மோனியா இருக்கும். இரண்டடித் தொட்டியில் அது ஒரே நாளில் லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டும். நான்கடித் தொட்டியில் ஒரு மில்லிகிராமுக்குள் நிற்கும். இரண்டாவது அளவே மீனுக்கு ஆகாது. அதை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும், அந்த வேலையைச் செய்வது ஃபில்டர்.

ஃபில்டரைக் குப்பை பிடிக்கும் பெட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்குள் இருக்கும் பஞ்சும் செராமிக் வளையமும் உண்மையில் பாக்டீரியாக்கள் ஒட்டி வாழும் இடம். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். இந்த உயிர்களை முதலில் பிரித்தறிந்தவர் ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரியவந்தது. அம்மோனியா முதல் நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா இனங்கள் உண்டு என்று 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. அவற்றில் ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம், மீன் வளர்ப்புத் தொட்டியொன்றின் ஃபில்டர்!

இந்த உயிர்கள் மெல்லப் பெருகுபவை. நல்ல சூழலிலும் எண்ணிக்கை இரட்டிப்பாகப் பல மணி நேரம், சில நேரம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். புதுத் தொட்டி பக்குவப்பட நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிப்பது இதனால்தான். நோயில்லாத பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் அந்தக் காலம் வெகுவாகக் குறையும். காசு கொடுத்து வாங்கும் பாக்டீரியாப் புட்டிகளைவிட நான் அந்த அழுக்குத் துண்டையே நம்புவேன்.

இப்போது கழுவும் விஷயத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை ஃபில்டரைப் பிரித்து, பஞ்சு, வளையம் எல்லாவற்றையும் குழாயடியில் வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவி, தொட்டித் தண்ணீரையும் முழுக்க மாற்றிவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இரண்டு நாளில் மீன் தீனி எடுக்காமல் மூலையில் ஒதுங்கும். மீனுக்கு நோய் வந்துவிட்டது என்று மருந்து வாங்கிப் போடுவார்கள். ஆனால் அங்கே செத்தது ஃபில்டர். பேரூராட்சித் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின், நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். செவுளையும் எரிக்கும். பஞ்சைக் கழுவத் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கைந்து முறை பிழிந்தால் போதும், பழுப்பு நிறம் இருந்துவிட்டுப் போகட்டும். வளையங்களில் சேறு அடைத்தால் மட்டும் அதே தண்ணீரில் அலசுங்கள். எல்லா அடுக்கையும் ஒரே நாளில் தொடாதீர்கள். அதே சமயம், கழுவாமலே விட்டாலும் பஞ்சு அடைத்துத் தண்ணீர் ஓட்டம் குறையும். வெளியேறும் தண்ணீரின் வேகம் தளர்ந்தால் அதுவே கழுவும் நாள்.

பாக்டீரியா ஒட்டியிருப்பது பஞ்சிலும் மணலிலும் கண்ணாடியிலும்தான், தண்ணீரில் மிகக் கொஞ்சம். ஆகவே வாரம் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ தண்ணீர் மாற்றுவதால் அவற்றுக்குக் கேடில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நைட்ரேட்டை இந்த ஃபில்டர்கள் பெரிதாகக் குறைப்பதில்லை.

காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் குஞ்சுகளுக்கு நல்லது, வளர்ந்த ஆஸ்கருக்குத் தனியாகப் போதாது. டாப் ஃபில்டர் மலிவு, கழுவ எளிது. மூடிய பெட்டியான கேனிஸ்டர் சத்தமில்லாமல் ஓடும், நிறையப் பஞ்சும் வளையமும் கொள்ளும். என் தேர்வு, தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைக்கும் சம்ப். ஆஸ்கர் பிடுங்கி எறியக் குழாயோ ஹீட்டரோ மேல் தொட்டியில் அதிகம் இருக்காது. எதுவானாலும் மணிக்குத் தொட்டி அளவைப்போல் நான்கைந்து மடங்கு தண்ணீரைச் சுற்றவிட வேண்டும்.

திண்டுக்கல் சமவெளியில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும், சோப்பு நுரைக்காது. அமேசான் மீனுக்கு இது ஆகாது என்று சிலர் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுகிறார்கள். அது தேவையில்லை, கெடுதலும்கூட. பாக்டீரியா ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையில் சுமார் 7 கிராம் கரைந்துபோகும். ஆர்.ஓ. தண்ணீரில் அந்த இருப்பு இல்லாததால் பி.எச். சரிந்து ஃபில்டரே ஓய்ந்துவிடும். நம் கடினத் தண்ணீரில் இருப்பு ஏராளம். தொட்டியில் வளர்ந்த ஆஸ்கர்கள் அதற்குப் பழகிக்கொள்கின்றன.

ஆனால் அதே தண்ணீரில் ஓர் ஆபத்தும் உண்டு. அம்மோனியா எவ்வளவு நஞ்சாகும் என்பது பி.எச். அளவைப் பொறுத்தது. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8 என்றால் ஆறு பங்குக்கு மேல், 8.5 என்றால் சுமார் 18 பங்கு. மென்தண்ணீரில் தப்பிக்கும் அலட்சியம் இங்கே மீனைக் கொன்றுவிடும். உரமிட்ட வயல்களுக்கு நடுவே உள்ள கிணற்றில் நைட்ரேட்டும் இருக்கலாம். புதுத் தண்ணீரையே முதலில் சோதித்துவிடுங்கள். போர் தண்ணீரை நேராக ஊற்றாமல், டிரம்மில் பிடித்து ஒரு நாள் காற்றுப் பம்ப் ஓடவிட்டால் ஆக்சிஜன் சேரும், கரைந்த வாயுக்கள் வெளியேறும். பேரூராட்சித் தண்ணீரென்றால் குளோரினும் பெரும்பாலும் போய்விடும், அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் இருக்கிறது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை கரண்ட் நிறுத்தும் நாளில் மீனைவிட ஃபில்டருக்கே முதலில் மூச்சு முட்டும். ஆஸ்கர் ஆக்சிஜன் குறைவைத் தாங்குவதில் பேர்பெற்ற மீன். மூடிய கேனிஸ்டருக்குள் இருக்கும் பாக்டீரியாவோ, ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். கோடையில் சூடான தண்ணீர் ஆக்சிஜனைக் குறைவாகவே பிடித்துவைக்கும் என்பதால் நிலைமை இன்னும் மோசம். அன்றைக்குத் தீனி வேண்டாம். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். கரண்ட் வந்ததும் கேனிஸ்டரைத் திறந்து, தேங்கிய நாற்றத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓட்டுங்கள்.

பெரிய சிக்லிட்களுக்கு வரும் நோய்களில் பார்க்கவே மனம் வலிப்பது தலையில் குழி விழும் நோய். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் ஊசி முனையளவில் தொடங்கும் குழிகள் மெல்லப் பெரிதாகும். ஒற்றைக் காரணம் என்று எதையும் அடித்துச் சொல்ல முடியாத நோய் இது. குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, தேங்கிய நைட்ரேட், வைட்டமின் குறைவு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. கோழி ஈரலும் ஆட்டிறைச்சியும் மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இயற்கையில் ஆஸ்கர் தின்பது பூச்சி, இறால், நத்தை, சிறு மீன். நல்ல குச்சித் தீனியை முதன்மையாக வைத்து, இறாலும் மண்புழுவும் இடையிடையே கொடுக்கலாம். கடையில் வாங்கும் தங்கமீனை உயிரோடு போடுவது நோயை விலைக்கு வாங்குவது. அதன் உடம்பிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐயும் அழிக்கும்.

குழிகள் தொடக்க நிலையில் தெரிந்தால், முதலில் தண்ணீர் மாற்றுவதை வாரம் இரண்டு முறையாக்கித் தீனியைத் திருத்துங்கள். பல மீன்களில் அதுவே குழி ஆழமாவதை நிறுத்திவிடும். ஆறச் சில மாதம் பிடிக்கும், தழும்பு நிற்கலாம். ஒட்டுண்ணிக்கு மெட்ரோனிடசோல் தருவதுண்டு. கால்நடை மருத்துவரிடம் கேட்டு, முடிந்தால் தனித் தொட்டியில் வைத்தே கொடுங்கள். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து எதையாவது பெரிய தொட்டியிலேயே கலக்க நேர்ந்தால், அடுத்த ஒரு வாரம் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் அளந்து பாருங்கள்.